ஓ.பி. அடிக்காத ஒரு சம்மர்!

ஒரு சின்னக் கேள்வி. ஒரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்?

'இதென்ன மொக்கைக் கேள்வி, அறுபது செகண்ட்'னு சொல்றவங்க எல்லாரும் என் கட்சி. போன மே மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். நான் மூணாவது வருஷம் இ.சி.இ. லீவுல நம்ம பத்திரிகையில மாணவ நிருபர். முதல் மீட்டிங்லயே நம்ம ஆசிரியர் ஒரு குண்டு போட்டார். "சம்மர்ல இன்ஜினீயரிங் பசங்க என்ன பண்ணுவாங்கன்னு ஊருக்கே தெரியும். மெடிக்கல் பசங்க என்ன பண்றாங்க? குறிப்பா, குழந்தை டாக்டர் ஆகணும்னு நினைக்கறவங்க? போய்ப் பார்த்துட்டு வந்து எழுது!"

நமக்கு உள்ளுக்குள்ள லேசா ஒரு முள். ஏன்னா, நானும் ஒரு காலத்துல நீட் எழுதினவன்தான். 'என் பையன் டாக்டர்'னு மயிலாப்பூர் மாடவீதி முழுக்கச் சொல்லிக்கணும்னு அம்மாவுக்கு ஆசை. மார்க் வந்த அன்னிக்கு அம்மா ஒண்ணுமே சொல்லலை. அந்த 'ஒண்ணுமே சொல்லாதது' இருக்கே... சரி, அதை விடுங்க.

நல்லவேளை, என் பெரியம்மா பொண்ணு எம்.பி.பி.எஸ். படிக்கறா. வீடு அடையாறு காந்தி நகர்ல. போன் போட்டேன். "அக்கா, உன்கூட ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா? வெள்ளைக் கோட் ஒண்ணு இருந்தா குடேன், போட்டோ எடுத்துக்கறேன்."

"உதை வாங்குவ! அது என்ன எக்ஸிபிஷனா?"

முதல் பல்பு!

அப்புறம் அவளே விளக்கினா. எம்.பி.பி.எஸ். படிக்கறவங்களுக்கு நம்மள மாதிரி ரெண்டு மாச லீவு எல்லாம் கனவு. கிடைக்கற இடைவெளியிலதான் ரிசர்ச். அதுக்கு நம்ம நாட்டுல இருக்கற பழைய, பெரிய வழி, ஐ.சி.எம்.ஆர். நடத்தற எஸ்.டி.எஸ். திட்டம். விரிச்சு சொன்னா ஷார்ட் டெர்ம் ஸ்டூடண்ட்ஷிப். 1979லேருந்து நடக்குது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்கள், தங்களோட காலேஜ்லயே ஒரு பேராசிரியரை கைடா வெச்சுக்கிட்டு, ரெண்டு மாசத்துக்கு ஒரு சின்ன ஆராய்ச்சி பண்ணலாம். முதல்ல ப்ரபோசல் அனுப்பணும். நெறிமுறைக் குழுவோட அனுமதி வேணும். முடிச்சு ரிப்போர்ட் அனுப்பி, அது ஓகே ஆனாத்தான் சர்ட்டிஃபிகேட்டும் உதவித்தொகையும். ஓகே ஆகலைன்னா? பட்டை நாமம்தான்.

அக்காவோட டாபிக் கேட்டப்ப சிரிச்சுட்டேன். 'அஞ்சு வயசுக்குள்ள குழந்தைங்களுக்கு நிமோனியா வந்தா, மூச்சு வேகமா இருக்கறதை அம்மாக்கள் கண்டுபிடிக்கறாங்களா?' இதான் டாபிக். அம்மாக்கள்கிட்ட கேள்வி கேட்கணும். அதே நேரத்துல குழந்தையோட மூச்சை எண்ணி எழுதணும்.

"எண்ணணுமா? இந்தக் காலத்துல? நான் ஒரு ஆப் பண்ணித் தரேன்க்கா, கேமராவைக் காட்டினா அதுவே எண்ணிடும்!"

"முதல்ல வந்து எண்ணிப் பாரு. அப்புறம் ஆப் பண்ணு."

ஆஸ்பத்திரிக்குள்ள எனக்கு நோ என்ட்ரி. அது நியாயம்தான். ஆனா அக்கா சாயங்காலத்துல இன்னொரு வேலை வெச்சிருந்தா. தி.நகர்ல ஒரு குழந்தை டாக்டரோட கிளினிக்ல போய் உட்கார்ந்து பார்க்கறது. இதுக்குப் பேரு கிளினிக்கல் ஷேடோயிங். அதாவது, டாக்டருக்கு நிழலா இருக்கறது. நிழல் பேசாது, நிழல் தொடாது. பார்க்கும், கேட்கும், அவ்வளவுதான்.

அந்த டாக்டர் யாருன்னா... நான் சின்ன வயசுல ஊசிக்குப் பயந்து யார் கையைக் கடிச்சேனோ, அதே டாக்டர் அங்கிள்! எங்க குடும்பத்துல எல்லாக் குட்டிகளுக்கும் அவர்தான். அதே மீன் தொட்டி, அதே பெஞ்ச். மீன்கள் மட்டும் வேற தலைமுறை.

அம்மாவைக் கூட்டிட்டுப் போய் அனுமதி கேட்டேன். "வரலாம்ப்பா. ஆனா மூணு கண்டிஷன். கோட் கிடையாது. போட்டோ கிடையாது. எந்தக் குழந்தையோட பேரும் உன் பேப்பர்ல வரக்கூடாது"ன்னார். "கோட் ஏன் வேணாம் அங்கிள்?"னு கேட்டேன். "அதைப் போட்டுக்கிட்டு நின்னா, ஒரு அம்மா உன்கிட்ட வந்து 'என் புள்ளைக்கு சரியாயிடுமா'ன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?"

எனக்கு வாய் திறக்கலை.

இப்படி ஆரம்பிச்சதுதான் நம்ம சம்மர். அடையாறுலேருந்து அக்கா 29சி பிடிச்சு லஸ் வந்துடுவா. அங்கேருந்து மெட்ரோ தகரத் தடுப்புகளைச் சுத்தி சுத்திப் போற தி.நகர் பஸ். கத்திரி வெயில் இறங்கற நேரம். ரங்கநாதன் தெரு கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமா நீந்திப் போனா, கிளினிக். காலேஜ்ல நாம அடிக்கற ஓ.பி. வேற, இங்க இருக்கற ஓ.பி. வேறங்க! சாயங்காலம் அஞ்சரை மணிக்கு உட்கார்ந்தா ஒன்பது வரைக்கும் நாற்காலி சூடு ஆறாது.

ஒவ்வொரு குழந்தை உள்ள வரும்போதும் டாக்டர் முதல்ல சொல்றது இதுதான்: "இந்தப் பொண்ணு மெடிக்கல் படிக்குது. இந்தத் தம்பி இன்ஜினீயரிங், பத்திரிகைக்கு எழுதறான். உட்கார்ந்து பார்க்கலாமா? வேணாம்னாலும் தப்பில்லை." முக்கால்வாசிப் பேர் "இருக்கட்டும் சார்"னு சொல்லுவாங்க. ஒருநாள் ஒரு அப்பா மட்டும் "வேணாம் டாக்டர்"னு சொன்னார். நாங்க வெளிய வந்து மீன் தொட்டிகிட்ட நின்னோம். எனக்குக் கொஞ்சம் கடுப்பு. அக்கா சாதாரணமா, "அவரோட குழந்தை, அவரோட முடிவு. நாம யாரு?"ன்னா.

குழந்தைங்க விஷயத்துல இந்த 'கேட்கறது' எவ்வளவு முக்கியம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஐ.சி.எம்.ஆர். 2017ல வெளியிட்ட நெறிமுறைகள்படி, ஆராய்ச்சியில குழந்தையைச் சேர்க்கணும்னா அப்பா அம்மா சம்மதம் மட்டும் போதாது. ஏழு வயசுக்கு மேல இருந்தா அந்தக் குழந்தைகிட்டயும் கேட்கணும். பன்னிரண்டு வயசு வரைக்கும் வாயால சொன்னாப் போதும், அதுக்கு மேல எழுதியே வாங்கணும். ஏழு வயசு வாண்டு 'மாட்டேன்'னா அதுவும் கணக்குல வரும். நம்ம வீட்டுல பன்னிரண்டாவது முடிச்சப்புறம்கூட எந்த குரூப் வேணும்னு நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா? சொல்லுங்க!

இப்ப அந்த 'ஒரு நிமிஷ' மேட்டருக்கு வரேன்.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை, செம கூட்டம். எட்டு மாசக் கைக்குழந்தையோட ஒரு அம்மா. "ரெண்டு நாளா சளி டாக்டர். நெஞ்சுல கட்டிக்கிச்சு. பால் சரியா குடிக்கலை. நேத்து பாட்டி வசம்பு உரசிக் குடுத்தாங்க." குழந்தை அழலை. அம்மா மடியில சோர்ந்து படுத்திருந்தது. டாக்டர் எங்க ரெண்டு பேரையும் பார்த்தார். "எண்ணுங்க. தனித்தனியா. ஒருத்தர் சொல்றது ஒருத்தருக்குக் கேட்கக்கூடாது."

நான் செல்போனை எடுத்தேன். ஸ்டாப்வாட்ச் ஆன். சட்டை மேல ஏறி இறங்கறதைப் பார்த்து எண்ணினேன். பதினஞ்சு செகண்ட்ல 11. இன்டூ நாலு... 44. முடிஞ்சுது ஜோலி! நிமிர்ந்து பார்த்தா அக்கா இன்னும் எண்ணிக்கிட்டே இருக்கா. டாக்டரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணிக்கிட்டிருக்கார். வெளிய கூட்டம். ஃபேன் சத்தம். அந்த மிச்சம் முக்கால் நிமிஷம் ஓடவே மாட்டேங்குது.

"44 டாக்டர்" - இது நான்.

"54" - இது அக்கா.

"எனக்கும் 54" - இது டாக்டர்.

பத்து வித்தியாசம். லேப்ல இதை 'எரர்'னு எழுதிட்டு டீ குடிக்கப் போயிடுவோம். ஆனா இங்க? உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு இது: ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60ஓ அதுக்கு மேலயோ போனா வேகமான மூச்சு. ரெண்டு மாசத்துலேருந்து ஒரு வயசு வரைக்கும் 50. ஒண்ணுலேருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40. இந்தக் குழந்தைக்கு எட்டு மாசம். என் கணக்குப்படி 'சாதாரண சளி'. அவங்க கணக்குப்படி நிமோனியாவா இருக்கலாம்.

டாக்டர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். மூச்சு உள்ள இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ்ப் பக்கம் உள்ள குழியற மாதிரி போச்சு. "நல்லாப் பாரு. இது இருந்தா காத்திருக்கக் கூடாது." ஒரு வரி எழுதிக் கையில குடுத்து, "இப்பவே அட்மிட் பண்ணுங்கம்மா, நான் போன்ல சொல்லிடறேன்"ன்னார். அந்த அம்மா ஒரு செகண்ட் என் முகத்தைப் பார்த்தாங்க. நான் தரையைப் பார்த்தேன்.

ஒன்பது மணிக்கு மேல, கடைசிக் குழந்தையும் போனப்புறம் கேட்டேன். "அங்கிள், நான் மட்டும் இருந்திருந்தா..."

"நீ மட்டும் இருக்கப் போறதில்லை. இருந்தாலும் நான் அந்த நெஞ்சைப் பார்த்தே பிடிச்சிருப்பேன். நாப்பது வருஷமாப் பார்க்கறேன். ஆனா எக்ஸ்ரே இல்லாத ஊர்ல, டாக்டர் இல்லாத ஊர்ல இருக்கற நர்ஸ் என்ன பண்ணுவாங்க? அவங்ககிட்ட பெருசா இருக்கறது இந்த எண்ணிக்கைதான்."

இந்த எண்ணிக்கைக்குப் பின்னாடி ஒரு ஊரே இருக்கு. 1980கள்ல பாப்புவா நியூ கினியாவுல வேலை பார்த்த மருத்துவர்கள், இருமலோட வர்ற குழந்தைங்கள்ல யாருக்கு நிமோனியான்னு எக்ஸ்ரே இல்லாம எப்படிப் பிரிக்கறதுன்னு பார்த்தாங்க. மூச்சோட வேகமும், நெஞ்சு உள்ள குழியறதும் நல்ல அடையாளங்கள்னு தெரிஞ்சுது. மலைப்பிரதேசத்து சுகாதாரப் பணியாளர்களுக்காகத் தேடின விடை, பிற்பாடு உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துச்சு.

"ஆனா ஏன் அங்கிள் பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கக்கூடாது?"

"பெரியவங்க மூச்சு மாதிரி சீரா இருக்காதுப்பா. கைக்குழந்தை கொஞ்ச நேரம் மெதுவா விடும், அப்புறம் வேகமா விடும். நீ மெதுவா விட்ட துண்டை மட்டும் எடுத்துக்கிட்டே. சின்னத் தப்பையும் சேர்த்து நாலால பெருக்கிட்டே." சாம்ப்ளிங் எரர்! நாலாவது செமஸ்டர்ல நான் மனப்பாடம் பண்ணி எழுதின அதே விஷயம்.

நான் அப்பவும் விடலையே! "அதனாலதான் ஒரு ஆப் இருந்தா..."ன்னு இழுத்தேன். டாக்டர் சிரிச்சுக்கிட்டே டிராயரைத் திறந்து, கழுத்துல மாட்டற மாதிரி ஒரு பழைய குட்டி டைமரை எடுத்தார். ஏதோ ஒரு டிரெய்னிங்ல குடுத்ததாம். யுனிசெஃப் சுகாதாரப் பணியாளர்களுக்காகவே குடுத்தது. பட்டனை அமுக்கினா டிக் டிக்னு ஓடி, அரை நிமிஷத்துல ஒரு தடவை, ஒரு நிமிஷத்துல ஒரு தடவை பீப் அடிக்கும். அவ்வளவுதான் மெஷின். "எண்ணறதுக்கு மெஷின் வரும்ப்பா. வரணும். நீயே பண்ணு. ஆனா குழந்தை அழுதா எண்ணிக்கை தப்பாகும். பால் குடிச்சா தப்பாகும். அது அமைதியாகற வரைக்கும் காத்திருக்கற மெஷின் வேணும்."

இரண்டாவது பல்பு. ஆனா இந்தத் தடவை எரியற பல்பு!

கிளைமாக்ஸ் இன்னும் வரலைங்க. அது காந்தி நகர் வீட்டு டைனிங் டேபிள்ல நடந்தது.

அக்காவோட ரெண்டு மாசம் முடியப் போகுது. மொத்தம் 80 குழந்தைங்க. பேர் இல்லாத, நம்பர் மட்டும் போட்ட ஃபார்ம்கள். எக்ஸெல் ஷீட் போட்டுத் தர என்னைக் கூப்பிட்டா, அதுவும் கைடுகிட்ட கேட்டுட்டு. டைப் பண்ணிக்கிட்டே வந்தா, 11 ஃபார்ம்ல மூச்சு எண்ணிக்கை காலி. "அழுதுக்கிட்டே இருந்துதுங்கடா. அரை மணி நேரம் காத்திருந்தேன். சில பேர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க." ரிப்போர்ட் அனுப்ப நாலே நாள்.

நம்ம மூளைதான் ராக்கெட் ஆச்சே! "அக்கா, இதுக்கா கவலைப்படற? அதே வயசு மத்த குழந்தைங்களோட ஆவரேஜை எடுத்து, ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சுப் போட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

நீங்க சிரிக்காதீங்க. நம்மள்ல லேப்ல ரீடிங் 'சமைக்காத' ஆள் யாரு? செனர் டயோடு எக்ஸ்பெரிமென்ட்ல முதல்ல அழகா கிராஃப் போட்டுட்டு, அப்புறம் அதைப் பார்த்து ரீடிங் எழுதின பரம்பரை நாம. சீனியர் ரெக்கார்டை வாங்கி புள்ளி மாறாம எழுதி, சீனியர் பண்ணின தப்பையும் சேர்த்து எழுதினவங்க.

அக்கா கத்தலை. கத்தியிருந்தா தேவலைன்னு தோணிச்சு. ஃபார்மை என் கையிலேருந்து மெதுவா வாங்கிக்கிட்டா. "அந்த வெள்ளிக்கிழமை நீ 44ன்னு சொன்னியே, அது தப்பு. ஆனா நீ எண்ணினே. இது எண்ணவே இல்லாத நம்பர்டா. நாளைக்கு எவனாவது இதைப் படிச்சிட்டு, இந்தக் கணக்கை நம்பி ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பினா?"

அடுத்த நாள் அந்த 11 கட்டத்துலயும் 'எடுக்க முடியவில்லை'னு எழுதி கைடுகிட்ட எடுத்துட்டுப் போனா. 80ல 69தான். ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிட்டா ரெண்டு மாச உழைப்பும் போச்சு. கைடு பார்த்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இதையும் ரிசல்ட்லயே எழுது. கூட்டமான ஓ.பி.யில ஏழுல ஒரு குழந்தைக்கு மூச்சை எண்ண முடியலைன்னா, அதுவும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்தான்." ரிப்போர்ட் போயிடுச்சு. நான் இதை எழுதற வரைக்கும் பதில் வரலை. தினமும் மெயிலைத் திறந்து பார்த்துக்கிட்டிருக்கா, பாவம்.

சரி, இந்த வழியில போகணும்னு நினைக்கற மெடிக்கோஸுக்கு அக்கா தரப்புலேருந்து சில டிப்ஸ். எஸ்.டி.எஸ். அறிவிப்புத் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால ஐ.சி.எம்.ஆர். அறிவிப்பை முன்னாடியே கவனிக்க ஆரம்பிச்சுடுங்க. அறிவிப்பு வந்தப்புறம் கைடு தேடினா லேட். டாபிக்கை ரெண்டு மாசத்துல முடிக்கற அளவுக்குச் சின்னதா வெச்சுக்கோங்க. நெறிமுறைக் குழு கூடற தேதியைக் கேட்டு வெச்சுக்கோங்க, பாதிப் பேர் கோட்டை விடறது அங்கதான். 2019ல வந்த புதுப் பாடத்திட்டத்துல எலெக்டிவ்னு ஒரு பகுதியும் இருக்கு, அதையும் பயன்படுத்திக்கலாம்.

நம்ம சென்னையில குழந்தைங்களுக்குன்னே இருக்கற பெரிய இடங்கள் உண்டு. எழும்பூர்ல சென்னை மருத்துவக் கல்லூரியோட சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவமனை. நுங்கம்பாக்கத்துல 1978ல ஆரம்பிச்ச காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் ஆஸ்பத்திரி. அடையாறுல முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால 1954ல வந்த கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல குழந்தைங்களுக்கும் சிகிச்சை உண்டு. எந்த இடமா இருந்தாலும் உங்க காலேஜ் கடிதத்தோட, துறைத்தலைவர் அனுமதியோட போங்க. 'தெரிஞ்ச அங்கிள்' மூலமா வார்டுக்குள்ள நுழையற வேலை வேணாம். வெளிநாடு போறவங்க ஒண்ணு கவனிங்க: அப்சர்வர்ஷிப்னா பார்க்க மட்டும்தான், நோயாளியைத் தொட முடியாது.

என்னை மாதிரி இன்ஜினீயரிங் மக்களே, நமக்கும் கதவு மூடலை. மூணாவது வருஷப் பசங்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் ரெண்டு மாச சம்மர் ஃபெலோஷிப் தருது. அங்கயே 2023ல மருத்துவ அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும்னு ஒரு தனித் துறை ஆரம்பிச்சிருக்காங்க. இந்திய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தர்ற கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கும் நாம அப்ளை பண்ணலாம். அழற குழந்தைக்காகக் காத்திருக்கற மெஷின் ஒண்ணு பாக்கி இருக்கு. யார் பண்றீங்க? நான் ஆரம்பிச்சுட்டேன், முந்துங்க பார்ப்போம்!

அந்த எட்டு மாச வாண்டு என்னாச்சுன்னு கேட்பீங்களே? ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வந்தது. டாக்டரோட ஸ்டெதஸ்கோப்பைப் பிடிச்சு இழுத்து வாயில வெச்சுக்கிச்சு. அவங்க அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, நீங்களும் எண்ணுங்க"ன்னாங்க. முழுசா எண்ணினேன். 36.

இப்ப காலேஜ் திறந்தாச்சு. போன வாரம் லேப்ல ஒரு ரீடிங் வரலை. பக்கத்து டேபிள் நண்பன் "இந்தா மச்சி, என்னோடதைப் பார்த்துப் போட்டுக்கோ"ன்னு நீட்டினான். ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்புறம் அந்தக் கட்டத்துல 'எடுக்க முடியவில்லை'னு எழுதினேன். சார் சிவப்பு மையில பெருசா ஒரு சுழி சுழிச்சு ரெண்டு மார்க் கட் பண்ணிட்டார். நண்பர்கள் இன்னும் கலாய்ச்சுக்கிட்டிருக்காங்க. வீட்டுல அம்மாகிட்ட சொன்னேன். "போனாப் போகுது போடா"ன்னு சொல்லிட்டு, தட்டுல இன்னொரு தோசை போட்டாங்க.

உங்க வீட்டுல அக்கா குழந்தையோ, பக்கத்து வீட்டுக் குட்டியோ தூங்கும்போது ஒருதடவை பக்கத்துல உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பாருங்க. நடுவுல செல்போனைப் பார்க்காம, முழு அறுபது செகண்ட். அப்புறம் எனக்கு எழுதுங்க, ஒரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு!